தோட்டப் பாடசாலையில் சுற்றாடலை எங்கிருந்து தொடங்குவது? பீலியடியிலிருந்து

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இரண்டு வருடமாகப் படிப்பிக்கும் ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். அதிபர் சுற்றாடல் கழகத்தை அவர் பொறுப்பில் விட்டிருக்கிறார். செலவுக்குக் காசு இல்லை. போன ஜூன் மாதம் நட்ட நாற்றுகளில் நாலைந்துதான் மிச்சம். சித்திரப் போட்டி வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பூமிப்பந்தைத்தான் வரைகிறார்கள். சேரும் குப்பையை என்ன செய்வது என்றும் கேட்கிறார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பராவில் ஆறு பேரோடு வாழும் பிள்ளைக்கு "சுற்றாடல் நேய வாழ்க்கை" என்று எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது அவருடைய கடைசிக் கேள்வி. அந்தக் கேள்விதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

டீச்சர், நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். முதலில் பண்டாரவளைப் பக்கம், பிறகு பொகவந்தலாவைப் பக்கம். பூமிப்பந்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பீலியடிக்கு, மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்து விழும் இடத்துக்கு, கூட்டிக்கொண்டு போங்கள். லயத்துப் பிள்ளைக்குச் சுற்றாடல் என்றால் முதலில் அந்தப் பீலித் தண்ணீர்தான். விடிய எழும்பி முகம் கழுவுவது, குடத்தில் பிடிப்பது, அம்மா மலையிலிருந்து வந்து கால் கழுவுவது எல்லாம் அங்கேதான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்குமேல் "மேலே இருந்து" என்றுதான் சொல்வார்கள். உங்கள் வேலை அந்த "மேலே"யில் தொடங்குகிறது.

தேவையானது 10 லீற்றர் வாளி ஒன்று, நேரம் பார்க்க ஒரு கைபேசி, ஒரு கொப்பி. வாளியைப் பீலிக்குக் கீழே வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் என்று ஒரு பிள்ளை எண்ணட்டும். மூன்று தடவை பிடித்துச் சராசரி எடுங்கள். மழைக்காலத்தில் 25 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 24 லீற்றர். இதை வாரம் ஒரு தடவை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அளந்து எழுத வேண்டும். பெப்ரவரி, மார்ச்சில் அதே வாளி நிரம்ப 80 செக்கன் எடுக்கலாம். அப்போது நிமிடத்துக்கு ஏழரை லீற்றர்தான். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் 10,800 லீற்றர். முப்பது குடும்பம், 150 பேர் என்றால் ஆளுக்கு 72 லீற்றர் வரும். கேட்க அவ்வளவு குறைவாகத் தெரியாது. பிறகு ஏன் விடியற்காலை வரிசையில் சண்டை வருகிறது? ஒரு தடவை இதைக் கேட்டபோது தரம் 7 பிள்ளை ஒருத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ராத்திரி முழுக்கக் கான்ல ஓடுதே சேர்" என்றாள். ராத்திரித் தண்ணீர் கானில், அதாவது வடிகாலில், வீணாக ஓடாமல் பிடித்துவைக்கத் தொட்டி இல்லாததுதான் குறை என்று அவளாகவே கண்டுபிடித்தாள். எந்தச் சுவரொட்டியும் அதை அவளுக்குச் சொல்லியிருக்காது.

இரண்டு மாதம் அளந்த பிறகு பிள்ளைகளோடு ஊற்றுவரை ஏறிப் போங்கள். குழாய் வழியே போனால் அநேகமாக ஒரு சோலைத் துண்டு வரும், அல்லது சவுக்கும் யூக்கலிப்டசும் நிற்கும் ஒரு தொங்கல் வரும். அங்கே மண்ணைக் கையால் அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். சோலைக்குள் எடுத்த மண்ணைப் பிழிந்தால் ஈரம் விரலிடுக்கில் வரும், சருகும் வேரும் கலந்து பஞ்சு மாதிரி இருக்கும். பத்தடி தள்ளி, வெட்டவெளியான இடத்தில் எடுத்த மண் கல்லும் தூளுமாக உதிரும். பெய்த மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது எது என்று பிள்ளைக்கு அந்த இரண்டு பிடி மண் சொல்லும். உயரமான இடமென்றால் பனிமூட்டம் உள்ள காலையில் போங்கள். பாசி படர்ந்த கிளைகளிலிருந்து மழை இல்லாமலே தண்ணீர் சொட்டும். மூடுபனியை மரம் வடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை, நக்கிள்ஸ் காடுகளெல்லாம் இந்த வேலையைச் செய்கிற காடுகள். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் 2010இல் மத்திய மலைநாடு என்று உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

இந்த இடத்தில் வரலாறும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோப்பிக்காகக் காடு போனது, 1869இல் வந்த இலைத்துரு நோயில் கோப்பியும் போனது, அந்த இடத்தைத் தேயிலை எடுத்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியது பிறகு மலை முழுக்கப் பரவியது. 5000 அடிக்கு மேல் காட்டைத் தொடக்கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே ஆலோசனை சொல்லியிருந்தார். நம் பிள்ளைகளின் பாட்டன்மார் கோடாலி பிடித்தவர்கள்தான். எந்த மலையை வெட்டுவது, எதை விடுவது என்ற முடிவு அவர்கள் கையில் இருக்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். காட்டை அழித்த கூட்டம் என்ற பழியைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை காட்டை நேசிக்க முடியாது.

அப்புறம் அதே தண்ணீர் கீழே எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்துப் பீலித் தண்ணீர் கான் வழியாக ஓடை, ஓடை வழியாக மவுசாக்கலை நீர்த்தேக்கம். அங்கிருந்து கெனியன், நியூ லக்சபான, பொல்பிட்டிய என்று மின்நிலையங்களின் டேர்பைன்களைச் சுற்றிவிட்டுக் களனி கங்கையாகக் கித்துள்கலை, அவிசாவளை தாண்டிப் போய், அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு வீடுகளின் குழாயில் வருகிறது. இதை வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டுங்கள். பழைய மஸ்கெலியா நகரமே அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது. தண்ணீர் வற்றும் வருடங்களில் பழைய கோயில் வெளியே தெரிவதைப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி கதை கதையாகச் சொல்வார்கள். பீலிக்கரையில் வீசிய சவர்க்காரக் கடதாசி எங்கே போகும் என்ற கேள்வியை இதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்து டீச்சர்மார் இதைப் படித்தால், உங்கள் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து திருகோணமலைவரை போகிறது. 335 கிலோமீற்றர் ஓடும் ஆறு அது.

சரி, நாற்றுகளுக்கு வருவோம். நானும் இதே பிழையைச் செய்திருக்கிறேன். பண்டாரவளைப் பக்கம் இருந்தபோது ஜூன் 5 உலக சுற்றாடல் தினத்துக்கு 200 நாற்று கொண்டுவந்து, விருந்தினரை அழைத்து, படம் எடுத்து நட்டோம். ஓகஸ்ட் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் குச்சிதான் நின்றது. பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் ஜூன் தொடங்கிச் செப்டெம்பர்வரை காய்ந்த கச்சான் காற்று. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசனை வருகிறது. அதே காற்றில் இளம் நாற்று கருகுகிறது. அங்கே ஒக்டோபர், நவம்பரில்தான் நட வேண்டும். உங்கள் மஸ்கெலியாப் பக்கம் ஜூனில் தென்மேல் மழை கொட்டும், அதனால் நாற்று அப்போது பிழைக்கும். ஜனவரியிலிருந்து மார்ச்வரை வரும் வெயிலிலும் பனியிலும்தான் சாகும். கொழுந்து குறையும் மாதம் எது என்று எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். அந்த மாதங்களில் வாரம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் நடவே வேண்டாம்.

200 நாற்று வேண்டாம், பத்துப் போதும். ஐந்து பிள்ளைக்கு ஒரு மரம். நாற்றுப் பையைக் கழற்றி எண்ணித் திருப்பி வாங்குங்கள். நாங்கள் நட்ட அன்று மரத்தைவிட அதிகமாகக் கறுப்புப் பொலித்தீன்தான் மைதானத்தில் பறந்தது. தூரில் சருகைக் கனமாகப் போட்டு மூடி, மாடு ஆடு கடிக்காமல் கவ்வாத்து மிலாறை (தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளை) நட்டு வேலி கட்டுங்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் யூக்கலிப்டஸ் நடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். வேகமாக வளரும் மரம் வேகமாகவே தண்ணீர் குடிக்கும். இதைவிட மலிவான வழி ஒன்றும் இருக்கிறது. சோலை ஓரத்தில் மானாப்புல்லுக்குள் தானாக முளைத்த சின்னக் கன்றுகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, சுற்றியுள்ள புல்லை மட்டும் அரிந்துவிடுங்கள். அந்த மண்ணுக்கும் குளிருக்கும் பழகிய கன்று அது, பிழைத்துக்கொள்ளும். படம் எடுக்க அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் ஐந்து வருடத்தில் நிழல் இருக்கும்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து தேடியது வீடு இருந்த இடத்தை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் செய்ததை நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் வகுப்பிலேயே அதை அனுபவித்த பிள்ளை இருக்கலாம். நம் மலைகளில் சுற்றாடல் கல்வி என்றால் மழையை அளக்கத் தெரிவதும் மலையின் அறிகுறியைப் படிக்கத் தெரிவதும்தான் என்று நான் நம்புகிறேன்.

மழைமானி செய்ய ஒரு பழைய பிளாஸ்டிக் போத்தல் போதும். பக்கம் நேராக இருக்கும் போத்தலாகப் பார்த்து, தோள்பட்டைக்குக் கீழே வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும். அதில் சின்னக் கல் போட்டு, சமமாகும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு கீறுங்கள். அதற்கு மேல் அடிமட்டத்தை ஒட்டினால் முடிந்தது. வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால், தண்ணீர் எத்தனை மில்லிமீற்றர் ஏறியிருக்கிறதோ அத்தனை மில்லிமீற்றர் மழை. மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் கல் வைத்து இறுக்கி, வளிமண்டலவியல் திணைக்களம் அளப்பதுபோலக் காலை 8.30க்குப் பார்த்து எழுதுங்கள். பெருமழை நாளில் நிரம்பிவிடும், ஆகவே இடையிலும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அளந்த கணக்கை வைத்து என்ன செய்வது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று எண்களில் நிற்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், அபாயமான இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். இந்த மூன்றையும் போத்தலிலேயே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நூலாகக் கட்டிவிடுங்கள். போத்தல் உத்தியோகபூர்வ அறிவித்தலுக்குப் பதிலாகாது. சிவப்பைத் தொடவில்லை என்பதற்காக யாரும் வீட்டில் தங்கிவிடவும் கூடாது. ஆனால் அறிவித்தல் வரும்போது அது என்னவென்று புரிந்துகொள்ளும் ஓர் ஆள் அந்த லயத்தில் இருப்பார். அது உங்கள் மாணவராக இருக்கலாம்.

மழையோடு பீலியையும் பார்க்கச் சொல்லுங்கள். தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்கினால், நின்றுபோனால், அல்லது இதுவரை இல்லாத இடத்தில் தண்ணீர் பீறினால் மலைக்குள் ஏதோ அசைகிறது. தரையில் வெடிப்பு விரிவது, சுவர் பிளப்பது, கதவு திடீரென இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது இவையும் அதே செய்திதான். கண்டவுடன் பெரியவர்களிடமும் கிராம சேவகரிடமும் சொல்ல வேண்டும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்க வேண்டும். வாராவாரம் பீலியை அளக்கும் பிள்ளைக்கு அந்த மாற்றம் மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துவிடும். வாளியில் தொடங்குங்கள் என்று நான் சொன்னதற்கு இதுதான் முதல் காரணம்.

குப்பையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு வாரம் பாடசாலையில் சேரும் குப்பையை எரிக்காமல் வைத்திருந்து, வெள்ளிக்கிழமை ஒரு படங்கை விரித்துக் கொட்டுங்கள். கையுறை இல்லையென்றால் குச்சியால் பிரிக்கலாம். எங்கள் பாடசாலையில் கொட்டியபோது டொபிக் கடதாசி, பிஸ்கட் பக்கட், யோகட் கப், சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீட் எல்லாவற்றையும் ஒரு குவியலாக்கினால் கடதாசிக் குவியலைவிட அது பெரிதாக இருந்தது. லஞ்ச் சீட் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. தூக்கிவீசும் பிளாஸ்டிக் கரண்டி, உறிஞ்சுகுழல், இடியப்பத் தட்டு 2023 ஒக்டோபரிலிருந்து தடை. எது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று பிள்ளைகளே குவியலிலிருந்து எடுத்துக் காட்டட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சின்னப் பக்கட்டில் சாம்போ வாங்கும் வீட்டைப் பிள்ளை முன்னால் குறை சொல்லிவிடாதீர்கள். நாட்கூலிக்காரர் கையில் இருக்கும் காசுக்கு அந்தப் பக்கட்தான் கிடைக்கிறது. குப்பைக்காரர் வராத லயத்தில் குப்பையைக் கானில் போடுவதும் எரிப்பதும் வெறும் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவால் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவை செய்ய முடியாமல் பல வருடம் தடை இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆகவே உங்கள் கழகம் செய்யக்கூடிய நல்ல வேலை, குவியலை எடைபோட்டு, வாரத்துக்கு இத்தனை கிலோ, இத்தனை வீடு என்று எழுதிப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் அனுப்புவது. பிள்ளைகள் எழுதிய கடிதத்தில் எண்கள் இருந்தால் அதை ஒதுக்கிவைப்பது கடினம். அதுவரை போத்தல், கார்ட்போட், தகரம் ஆகியவற்றைத் தனியாக உரப்பையில் சேர்த்துப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம். பொலித்தீன் எரிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நச்சுப்புகை கைக்குழந்தை தூங்கும் காம்பராவுக்குள்தான் போகிறது.

கூட்டெரு பற்றிப் புத்தகத்தில் இருப்பது நம் குளிருக்கு அப்படியே சரிவராது. சின்னப் பீப்பாயில் போட்டால் ஈரம் கோர்த்து நாறிப்போகும். குவியல் மூன்றடி நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். அடியில் காற்றோட மிலாறைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, மேலே சருகு, பச்சைப் புல், மரக்கறிக் கழிவு, சாணம் என்று மாற்றி மாற்றி அடுக்கிச் சாக்கால் மூடுங்கள். மாடு வளர்க்கும் வீடு எப்படியும் லயத்தில் ஒன்றிரண்டு இருக்கும், சாணத்துக்குப் பஞ்சமில்லை. ஐந்தாறு நாள் கழித்து ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி சுடும். வெளியே பல் கிட்டும் குளிரில், எரியாத குவியலுக்குள் கம்பி சுடுவதைக் கண்ட பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். நுண்ணங்கிகள் பற்றிய பாடத்தை அன்றைக்கே வைத்துவிடுங்கள். கம்பி ஆறிப்போனால் குவியலைப் புரட்ட வேண்டும்.

வீட்டுப் பக்கத்தில் வேறு சில. ஒரு நெருப்பில் இரண்டு பானை வைக்கும் அனகி மண்ணடுப்பு விறகையும் புகையையும் குறைக்கும். பாடசாலைக் கூரை 120 சதுர மீற்றர் என்றால் 1 மில்லிமீற்றர் மழைக்கு 120 லீற்றர் தண்ணீர் வருகிறது, அதைத் தொட்டியில் பிடித்தால் கழிவறைக்கும் நாற்றுக்கும் கவலையில்லை. மரக்கறித் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் அப்பாமார் தெளிகருவியைப் பீலியில் கழுவுவதும், மருந்துப் போத்தலில் எண்ணெய் வாங்குவதும் ஆபத்து என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் நேரடியாகவே சொல்லுங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கைப் பற்றியும் பேசுங்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படி ஒரு சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை மூன்றே நாளில் செத்துப்போனது. உங்கள் பாடசாலையிலிருந்து அது தூரமில்லை, பிள்ளைகளுக்கு அந்த இடம் தெரியும்.

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தில் கழகத்தைப் பதிந்துகொள்ளுங்கள். பதக்கம் கிடைக்கும் என்பதால் அதிபரும் பெற்றோரும் நேரம் ஒதுக்குவார்கள். பீலிக் கொப்பியும் மழைக் கொப்பியுமே அதற்கான சான்றாகிவிடும், புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை.

ஊற்றுக்கு ஏறுவதற்கு முன்னால் தோட்ட நிர்வாகத்துக்கு அதிபரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். வழி தெரிந்த கான்வெட்டு அண்ணன் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், குளவிக்கூடு எங்கே இருக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் காயவிட்டுப் போகலாம். முதல் தடவை பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். வாளியை மறக்காதீர்கள், ஊற்றடியிலும் ஒரு தடவை அளந்து பார்த்து, பீலியில் வரும் அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையில் தண்ணீர் குறைந்தால் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று இறங்கும் வழியெல்லாம் பிள்ளைகள் தேடிக்கொண்டே வருவார்கள்.